குண்டும் ஒரு கொள்ளை நோயே!

போர் மூளவில்லை. எல்லையிலே பகைவன் படை வந்து நிற்கவில்லை. ஊழிக் காற்று வீசவில்லை. ஊரை விழுங்கும் வெள்ளமும் பெருகவில்லை. ஆயினும், 2021ஆம் ஆண்டில், செல்வத்திற் சிறந்தது, விஞ்ஞானத்தில் உயர்ந்தது என்று உலகு வியந்து பேசும் அமெரிக்க ஐக்கிய நாட்டிலே துப்பாக்கிக் குண்டுக்கு இரையானோர் தொகை 48,830! நாளொன்றுக்கு 130 பேருக்கு மேல்! பதினோரு நிமிடத்துக்கு ஓர் உயிர்!

மாண்டவர் யார்? களம் கண்ட வீரர்களா? அல்லர். கடைக்குச் சென்ற தாய், வகுப்பறையிலே அமர்ந்திருந்த பிள்ளை, தெருமுனையிலே நின்றிருந்த வாலிபன், மனம் உடைந்து தனியறையிலே கிடந்த முதியவர் — இத்தகையோரே. போர்க்களத்திலே மடிந்திருந்தால் கல்லறை எழுப்பியிருப்பார்கள், கொடியைப் போர்த்தியிருப்பார்கள். இவர்களுக்கோ கண்ணீர் உண்டு, பிரார்த்தனை உண்டு, மறுநாள் மறதியும் உண்டு.

அதே ஆண்டிலே கொரோனா என்னும் கொள்ளை நோயும் அந்த நாட்டைச் சூறையாடிக்கொண்டிருந்தது. அதற்கு ஆட்சியினர் என்ன செய்தனர்? நாள்தோறும் எண்ணினர். எவருக்குத் தொற்றியது, எங்கே தொற்றியது, எவ்வாறு பரவிற்று என்று துருவித் துருவிக் கேட்டனர். கோடி கோடியாகப் பணத்தைக் கொட்டித் தடுப்பூசி கண்டனர். உயிரைக் காப்பது அரசின் கடமை என்றனர். நன்று, மிக நன்று! ஆனால் நாம் கேட்கிறோம்: கிருமி கொன்றால் அரசின் கடமை, குண்டு கொன்றால் அவரவர் தலையெழுத்தா? நோய்க்கு ஒரு நீதி, துப்பாக்கிக்கு ஒரு நீதியா?

துப்பாக்கிச் சாவு என்பது காவல் நிலையத்தின் கணக்கோடும் நீதிமன்றத்தின் தீர்ப்போடும் முடிந்துபோகும் விவகாரம் அன்று. அது பொதுச் சுகாதாரப் பிரச்சினை. தடுக்கக்கூடிய, தடுக்கப்பட வேண்டிய சாவு. இதுவே அந்த நாட்டு மருத்துவரும் ஆராய்ச்சியாளரும் பல்லாண்டுகளாக எடுத்துக் கூறிவரும் கருத்து. அக்கருத்தை நமது தோழர்கள் நன்கு அறிந்திருத்தல் வேண்டும். கடல் கடந்த நாட்டின் கதைதானே என்று தள்ளிவிட வேண்டாம். நம் வீட்டுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அங்கே படிக்கிறார்கள், உழைக்கிறார்கள், குடும்பம் நடத்துகிறார்கள் என்பது ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம், அறிவுக்கும் ஆதாயத்துக்கும் இடையே அங்கே நடைபெறும் போராட்டம் எந்த நாட்டுக்கும் பாடம் என்பது.

தலைவிதியா, தடுக்கும் வழி உண்டா?

பெரியம்மை கண்ட காலத்தை நம் பாட்டன் பாட்டிமார் அறிவர். "ஆத்தா வந்திருக்கிறாள்" என்றனர். வாசலிலே வேப்பிலை கட்டினர், கூழ் வார்த்தனர், கும்பிட்டு நின்றனர். எளிய மக்களைப் பழிப்பதற்கில்லை. காரணம் தெரியாத இடத்திலே அச்சம் குடியேறுவது இயல்பு. ஆனால், அதே மக்களின் கையிலே அம்மை குத்தப்பட்டது. ஊர் ஊராய்ச் சென்றனர் சுகாதார ஊழியர். எவருக்குக் கண்டிருக்கிறது என்று தேடினர். அவரைச் சுற்றியிருந்தோர்க்கெல்லாம் தடுப்பு வேலி அமைத்தனர். 1975ஆம் ஆண்டோடு இந்திய மண்ணிலிருந்து அந்நோய் அகன்றது. 1980ஆம் ஆண்டிலே உலகத்தினின்றே ஒழிந்தது என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. விதி என்று பேசப்பட்டது, வினையின் முன் தோற்று ஓடிற்று!

அமெரிக்காவிலே இன்று துப்பாக்கியைப் பற்றிப் பேசப்படும் பேச்சைக் கேளுங்கள். "தீயவன் செய்தான், என் செய்வது!" என்பர் ஒரு சாரார். "பித்தன் செய்தான், எவர் தடுக்க முடியும்!" என்பர் மற்றொரு சாரார். "பிரார்த்திக்கிறோம்" என்பர் பதவியிலிருப்போர். மொழி வேறு, ஆடை வேறு. உள்ளிருப்பது அதே தலைவிதிப் பேச்சுத்தான்.

தீயவரும் பித்தரும் அமெரிக்காவிலே மட்டுமா உள்ளனர்? சினம் இல்லாத நாடு ஏது? மனநோய் இல்லாத மக்கள் ஏது? ஜப்பானியனுக்குக் கோபம் வாராதா? ஜெர்மானியனுக்கு உள்ளம் தளராதா? வேற்றுமை மனிதனிடம் இல்லை. அவன் கைக்கெட்டும் தூரத்திலே இருக்கும் கருவியில் இருக்கிறது. அமெரிக்கப் பொதுமக்களிடம் இருந்த துப்பாக்கிகள் 2017ஆம் ஆண்டின் இறுதியில் ஏறத்தாழ 39 கோடி என்று சுவிட்சர்லாந்திலுள்ள சிற்றாயுத ஆய்வகம் மதிப்பிட்டது. நாட்டின் மக்கள் தொகையைவிடத் துப்பாக்கியின் தொகை அதிகம்! பிறந்த குழந்தையிலிருந்து பல் விழுந்த கிழவர் வரையில் தலைக்கு ஒன்று கொடுத்தாலும் மிச்சம் இருக்கும்!

முதலில் எண்ணு, பிறகு எண்ணிப் பார்

பொதுச் சுகாதாரத்தின் முறை எளியது. முதலில் எண்ண வேண்டும். எத்தனை பேர், யார், எங்கே, எப்போது, எவ்வாறு என்று அறிய வேண்டும். காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். எது தடுக்கிறது என்று சோதிக்க வேண்டும். தடுப்பது எதுவோ அதை நாடெங்கும் பரப்ப வேண்டும்.

1854ஆம் ஆண்டில் லண்டன் மாநகரின் சோஹோ பகுதியிலே காலரா தாண்டவமாடிற்று. ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் வீடு வீடாகச் சென்று சாவைக் கணக்கெடுத்தார். பிராட் தெருவிலிருந்த ஒரு குழாய்க் கிணற்றைச் சுற்றியே சாவு மிகுந்திருந்ததைக் கண்டார். காலராக் கிருமி எது என்பதை மருத்துவ உலகம் அன்று அறியாது. ஆயினும், குழாயின் கைப்பிடியைக் கழற்றிவிடுங்கள் என்றார்; கழற்றினர். எல்லாம் தெரிந்த பிறகுதான் எதையும் செய்வேன் என்று அவர் உட்கார்ந்திருக்கவில்லை.

துப்பாக்கிச் சாவையும் அவ்வாறே எண்ணிப் பார்த்தால் வெளிப்படுவது என்ன? செய்தித்தாள் வாசிப்போர்க்கு வியப்பளிக்கும் உண்மை அது. 2021இல் மாண்ட 48,830 பேரில் 26,328 பேர் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். கொலையுண்டோர் 20,958. ஆக, பாதிக்கு மேற்பட்டது தற்கொலை! பள்ளிக்கூடத்திலே புகுந்து சுட்டான், கடைத்தெருவிலே சுட்டான் என்று உலகெங்கும் தலைப்புச் செய்தியாகும் கொடுமைகள் மொத்தத்தில் ஒரு சிறு பங்கே. அவை அற்பம் என்று கூறவில்லை. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியிலே 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும், 2022 மே திங்களில் யுவால்டி பள்ளியிலே 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் மாண்டதைக் கேட்ட எவர் நெஞ்சுதான் பதறாது! ஆனால் அந்த இடியோசைக்கு அப்பால், ஓசையின்றி, நாள் தவறாமல் பெய்துகொண்டிருக்கிறது சாவு மழை. 2020ஆம் ஆண்டிலே, ஒன்று முதல் பத்தொன்பது வயது வரையிலான அமெரிக்கப் பிள்ளைகளின் சாவுக்கு முதற் காரணம் என்ற இடத்தைத் துப்பாக்கி பிடித்துவிட்டது. அதுவரையில் அவ்விடத்தில் இருந்தது மோட்டார் விபத்து.

கறுப்பின வாலிபர்களின் நிலையோ இன்னும் கொடிது. அவர்களுடைய சாவுக்கு முதற் காரணமே துப்பாக்கிக் கொலைதான். வேலையற்ற தெருக்கள், கைவிடப்பட்ட வீடுகள், தலைமுறை தலைமுறையாக ஒதுக்கி வைக்கப்பட்ட குடியிருப்புகள் — அங்கேதான் இந்நோய் ஆழ வேரூன்றியிருக்கிறது. காலரா ஏழையின் குடிசையைத் தேடிச் சென்றதுபோல, குண்டும் ஏழையின் தெருவைத் தேடிச் செல்கிறது.

மோட்டார் வண்டி கற்பித்த பாடம்

மோட்டார் விபத்து ஏன் முதலிடத்தை இழந்தது? துப்பாக்கிச் சாவு ஏறியது ஒரு காரணம். விபத்துச் சாவு பல்லாண்டுகளாகக் குறைந்து வந்தது மற்றொரு காரணம். அந்த மற்றொரு காரணத்தின் வரலாறு அறியத்தக்கது.

ஒரு காலத்திலே, விபத்து என்றால் ஓட்டியவன் குற்றம் என்று மட்டுமே பேசினர். 1965ஆம் ஆண்டில் ரால்ஃப் நேடர் என்னும் இளம் வழக்கறிஞர், வண்டியின் அமைப்பிலேயே ஆபத்து இருக்கிறது என்று நூல் எழுதி நாட்டை உலுக்கினார். 1966இல், லிண்டன் ஜான்சன் குடியரசுத் தலைவராக இருந்தபோது, சட்டம் வந்தது. அதனை நடத்தும் பொறுப்பு வில்லியம் ஹேடன் என்னும் மருத்துவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மருத்துவரிடம்! இருக்கை வார் வந்தது, மோதினால் மார்பைக் குத்தாத சுக்கான் வந்தது, சாலை திருத்தப்பட்டது, குடித்துவிட்டு ஓட்டுவோர் மீது நடவடிக்கை கடுமையாயிற்று. 2010களுக்குள், ஓடும் தூரத்தைக் கொண்டு கணக்கிட்டால், சாவு விகிதம் 1966இல் இருந்ததில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

இதற்காக எவருடைய மோட்டார் வண்டியையேனும் பறிமுதல் செய்தார்களா? இல்லை. உரிமம் கேட்டனர், பதிவு கேட்டனர், பாதுகாப்புக் கேட்டனர். வண்டியும் ஓடுகிறது, உயிரும் தப்புகிறது. துப்பாக்கிக்கு இதே அறிவைப் பயன்படுத்துங்கள் என்றால் மட்டும், "ஐயோ, சுதந்திரம் போயிற்று!" என்று அலறுவானேன்?

1996: மூன்று நாடுகள், மூன்று வழிகள்

1996ஆம் ஆண்டைத் தோழர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஓர் ஆண்டிலே மூன்று நாடுகள் இந்தப் பிரச்சினையின் முன்னே நின்றன.

அவ்வாண்டு மார்ச் 13ஆம் நாள், ஸ்காட்லாந்தின் டன்பிளேன் ஊரிலே, பள்ளிக்கூடத்திலே புகுந்தவன் சுட்டதில் 16 பிஞ்சுகளும் அவர்களுடைய ஆசிரியையும் மாண்டனர். பெற்றோர் எழுந்தனர்; கையெழுத்துத் திரட்டினர். 1997இல் பிரிட்டனில் தனியார் கைத்துப்பாக்கி வைத்திருப்பது சட்டத்தால் தடுக்கப்பட்டது.

ஏப்ரல் 28ஆம் நாள், ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பன்னிரண்டே நாட்களில் மாநிலங்கள் அனைத்தையும் ஒப்பவைத்தார் பிரதமர் ஜான் ஹோவர்ட். அவர் புரட்சிக்காரர் அல்லர். பழமைக் கட்சியின் தலைவர். விரைந்து சுடும் துப்பாக்கிகள் தடுக்கப்பட்டன. தக்க காரணம் காட்டாதவர்க்கு உரிமம் இல்லை என்றாயிற்று. ஆறரை லட்சம் துப்பாக்கிகளை அரசு விலை கொடுத்து வாங்கி நொறுக்கிற்று. அதன் பிறகும் ஆஸ்திரேலியாவிலே கொடுமைகள் நிகழவில்லை என்று எவரும் சொல்ல முடியாது; நிகழ்ந்துள்ளன. ஆயினும், துப்பாக்கிச் சாவு விகிதம் 1996இல் இருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கிற்று. வேலி போட்ட தோட்டத்திலும் ஒரு நாள் ஆடு நுழையலாம். அதற்காக வேலியே வீண் என்பவன் தோட்டக்காரன் அல்லன்.

அமெரிக்கா என்ன செய்தது? துப்பாக்கிக்கு விலங்கு பூட்டவில்லை, ஆராய்ச்சிக்குப் பூட்டிற்று!

கதையைக் கேளுங்கள். 1993ஆம் ஆண்டில் ஆர்தர் கெல்லர்மன் என்னும் மருத்துவரும் அவருடைய துணைவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வீட்டிலே துப்பாக்கி இருந்தால் அவ்வீட்டார்க்குக் காவல் என்று நம்பினர் மக்கள். ஆய்வோ, துப்பாக்கி உள்ள வீட்டிலே கொலை நிகழும் அபாயம் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று காட்டிற்று. ஆய்வுக்குப் பணம் தந்தது, நோய்க் கட்டுப்பாட்டு மையம் என்னும் அரசு நிறுவனம். சீறி எழுந்தது தேசியத் துப்பாக்கிச் சங்கம். 1996இல் அமெரிக்கக் காங்கிரஸில், ஆர்க்கன்சாஸ் உறுப்பினர் ஜே டிக்கி கொண்டுவந்த திருத்தம் நிறைவேறிற்று: துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவு தேட அந்நிறுவனத்தின் பணத்தில் ஒரு காசும் செலவிடலாகாது! துப்பாக்கி ஆய்வுக்கு முன்னாண்டு செலவழித்த 26 லட்சம் டாலர், சல்லிக் காசு பிசகாமல், நிறுவனத்தின் நிதியில் கத்தரிக்கப்பட்டு வேறு பணிக்கு ஒதுக்கப்பட்டது. சட்டத்தின் சொல் ஆராய்ச்சியையே தடுக்கவில்லை. ஆனால் சொல்லின் பின்னே ஓங்கிய கை இருந்தது. அதைக் கண்ட அதிகாரிகள் அஞ்சினர். இருபதாண்டுகளுக்கு மேல் ஆய்வு அடங்கிக் கிடந்தது.

உலை கொதிக்கிறது என்று சொன்னவன் வாயை மூடினால், உலை ஆறிவிடுமா?

இந்தக் கதையிலே ஒரு திருப்பமும் உண்டு. அந்த ஜே டிக்கியும், அவரால் பாதிக்கப்பட்ட பிரிவின் தலைவராக இருந்த மருத்துவர் மார்க் ரோசன்பர்க்கும் பிற்காலத்திலே நண்பர்களாயினர். 2012ஆம் ஆண்டில் இருவரும் சேர்ந்து ஏட்டிலே எழுதினர், துப்பாக்கிச் சாவைத் தடுக்க ஆராய்ச்சி வேண்டும் என்று! தாம் பூட்டிய பூட்டைத் தாமே திறக்க விரும்பினார் டிக்கி. 2017இல் அவர் மறைந்தார். 2020ஆம் நிதியாண்டுக்குத்தான், இரண்டு ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் சேர்த்து இரண்டரைக் கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. இடையிலே சென்ற ஆண்டுகளில் மாண்டவர்களை எந்த ஒதுக்கீடு மீட்டுத் தரும்?

"வேறு வழி தேடிக்கொள்வான்" என்ற வாதம்

தற்கொலையைப் பற்றிய ஒரு வாதத்தையும் ஆராய்ந்தே தீர வேண்டும். "சாகத் துணிந்தவனுக்குத் துப்பாக்கி இல்லாவிட்டால் வேறொன்று" என்கின்றனர். கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றும், உண்மை அதுவன்று.

பிரிட்டனில் 1960களிலும் 1970களிலும் வீட்டு அடுப்புக்கு வந்த நச்சு வாயு நீக்கப்பட்டு, நஞ்சு குறைந்த இயற்கை வாயு வந்தது. அது தற்கொலைத் தடுப்புத் திட்டமன்று. ஆயினும் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் மொத்தத் தற்கொலையே 1963க்கும் 1975க்கும் இடையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இலங்கைத் தீவைப் பாருங்கள். 1995ஆம் ஆண்டளவிலே உலகின் மிக உயர்ந்த தற்கொலை விகிதங்களுள் ஒன்று அங்கேதான் இருந்தது. கொடிய பூச்சிமருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக அரசு தடுத்தது. பத்தாண்டுகளிலே விகிதம் பாதியாயிற்று. அங்குள்ள மக்களின் துயரம் பாதியாகிவிட்டதா? இல்லை; துயரத்தின் கைக்கு எட்டிய நஞ்சு எட்டாமற் போயிற்று. இஸ்ரேல் இராணுவம் 2006ஆம் ஆண்டில், வாரக் கடைசியில் வீடு செல்லும் வீரர் துப்பாக்கியை முகாமிலேயே வைத்துச் செல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்தது. வீரரிடையே தற்கொலை 40 விழுக்காடு குறைந்தது.

ஏன் இவ்வாறு? சாக வேண்டும் என்ற எண்ணம் பெரும்பாலும் ஒரு புயல். வரும், உலுக்கும், கடந்து போகும். தப்பிப் பிழைத்தவரில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு, பின்னாளில் தற்கொலையால் மடிவதில்லை என்று ஆய்வுகள் கூறுகின்றன. அவர்கள் மீண்டும் வாழ்கின்றனர். பேரப் பிள்ளைகளைக் காண்கின்றனர். துப்பாக்கியோ இரண்டாம் வாய்ப்பைத் தருவதில்லை. ஆகவேதான், பெட்டியைப் பூட்டிவை, தோட்டாவை வேறிடத்தில் வை, வீட்டிலொருவர் மனம் கலங்கியிருக்கும்போது துப்பாக்கியை வெளியே கொடுத்து வை என்கின்றனர் மருத்துவர். சிறு யோசனைதான், புயல் கடக்கும் நேரம் வரையில் ஓர் உயிரைத் தாங்கிப் பிடிக்கும் யோசனை.

தடுத்துக் காட்டியவர்கள்

இந்தக் கூற்றுகள் ஏட்டோடு நின்றவை அல்ல. கனெக்டிகட் மாநிலம் 1995இல், கைத்துப்பாக்கி வாங்க முன்னனுமதி பெற வேண்டும் என்று சட்டம் செய்தது. அதன் பிறகு அங்கே துப்பாக்கிக் கொலை குறைந்தது என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினர். மிசூரி மாநிலம் 2007இல் அதே வகைச் சட்டத்தை நீக்கிற்று. அங்கே கொலை கூடிற்று. ஒன்று போட்டால் குறைகிறது, மற்றொன்று எடுத்தால் கூடுகிறது. இதற்கு மேலும் விளக்கு ஏற்றிக் காட்ட வேண்டுமா?

சிகாகோ நகரிலே கேரி ஸ்லட்கின் என்னும் மருத்துவர் வேறொரு வழி கண்டார். காசநோயையும் காலராவையும் எதிர்த்து உழைத்தவர் அவர். கொலைகளை வரைபடத்திலே குறித்துப் பார்த்தபோது, தொற்றுநோய் பரவும் வடிவத்தையே அவர் கண்டார். ஒரு கொலை, பழிக்குப் பழியாக மற்றொரு கொலை; ஒருவனிடமிருந்து மற்றொருவனுக்கு. 2000ஆம் ஆண்டில், அந்தத் தெருக்களிலேயே வளர்ந்தவர்களை, அங்குள்ள வாலிபர்கள் மதிக்கக்கூடியவர்களைத் தேடிப் பிடித்து, சண்டை மூளும் இடத்துக்கு முன்கூட்டியே அனுப்பினார். அவர்கள் கையில் தடியில்லை, விலங்கில்லை, பேச்சு மட்டுமே. எல்லா ஊரிலும் ஒரே அளவில் வெற்றி கிட்டவில்லை என்பதும் உண்மை. ஆனால் பிணம் விழுந்த பின் வருவது போலீசின் வேலை. பிணம் விழுமுன் வருவது சுகாதாரத்தின் வேலை என்ற பாகுபாட்டை அம்முயற்சி நாட்டுக்கு உணர்த்திற்று.

2018 பிப்ரவரியில் பார்க்லண்ட் பள்ளியிலே 17 பேர் மாண்டனர். தப்பிய மாணவர்கள் வீட்டுக்குள் முடங்கவில்லை. தெருவுக்கு வந்தனர், தலைநகரிலே இலட்சக் கணக்கானோரைத் திரட்டினர். மூன்று வாரங்களில் புளோரிடா மாநிலம், துப்பாக்கி வாங்கும் வயதை 21 ஆக்கிற்று. ஆபத்தான நிலையிலிருப்பவரிடமிருந்து நீதிமன்ற ஆணையின் பேரில் துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுத்து வைக்கும் சட்டமும் செய்தது. கையெழுத்திட்டவர் ரிபப்ளிகன் கட்சி ஆளுநர். அதே ஆண்டு நவம்பரில், மருத்துவர்கள் துப்பாக்கியைப் பற்றிப் பேசலாகாது, தங்கள் எல்லைக்குள் இருக்கட்டும் என்று துப்பாக்கிச் சங்கம் ஏளனம் செய்தது. குருதி தோய்ந்த தங்கள் அறுவை உடைகளைப் படமெடுத்து வெளியிட்டனர் மருத்துவர்கள்: எங்கள் எல்லை இதுதான், பாருங்கள் என்று!

உரிமையின் பெயரால்

"அரசியல் சட்டம் தந்த உரிமை" என்பது அவர்களுடைய கடைசிக் கோட்டை. 1791இல் சேர்க்கப்பட்ட இரண்டாவது திருத்தத்தைக் காட்டுகின்றனர். இருக்கட்டும். தனிமனிதனுக்குத் துப்பாக்கி உரிமை உண்டு என்று 2008இல் தீர்ப்பளித்த அதே உச்ச நீதிமன்றம், அவ்வுரிமை எல்லையற்றதன்று என்றும் அத்தீர்ப்பிலேயே கூறிற்று. 2024இல், குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடைக்கு உள்ளானவரிடம் துப்பாக்கி இருக்கலாகாது என்னும் சட்டத்தை, எட்டு நீதிபதிகள் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமுமாக நின்று ஏற்றனர். உரிமை பேசுவோர்க்கு ஒன்று சொல்வோம்: பள்ளிக்குச் சென்ற பிள்ளை வீடு திரும்புவதும் உரிமைதான். உரிமைகளுக்கெல்லாம் தலையாய உரிமை அது!

உரிமைக் கூச்சலுக்குப் பின்னே வணிகம் ஒளிந்திருப்பதையும் காண வேண்டும். 2005ஆம் ஆண்டில், துப்பாக்கி செய்வோர் மீதும் விற்போர் மீதும் பெரும்பாலான வழக்குகள் தொடுக்க முடியாதபடி காப்புச் சட்டம் ஒன்று செய்யப்பட்டது. புகையிலை வணிகரும் ஒரு காலத்திலே இவ்வாறுதான் அரண் அமைத்தனர். 1964இல் அமெரிக்க சர்ஜன் ஜெனரல் லூதர் டெர்ரி, புகைப்பது புற்றுநோய் தரும் என்று அறிக்கை வெளியிட்டார். அரண் விரிசல் கண்டது.

அறுபது ஆண்டுகள் சென்று, 2024 ஜூனில், அதே பதவியிலிருந்த விவேக் மூர்த்தி, துப்பாக்கி வன்முறையைப் பொதுச் சுகாதார நெருக்கடி என்று அறிவித்தார். இந்திய வம்சாவழியினரான அவர், அப்பதவியிலிருந்து அவ்விதம் அறிவித்த முதல்வர். ஆட்சி மாறிற்று, 2025 மார்ச்சில் அந்த அறிவிப்பு அரசின் இணையப் பக்கத்தினின்று அகற்றப்பட்டது. 1996இல் ஆராய்ச்சியின் வாயை மூடினர். 2025இல் அறிவிப்பை மறைத்தனர். ஏட்டை எடுத்து ஒளித்துவிடலாம்; பிணக் கிடங்கை எங்கே ஒளிப்பது?

ஆயினும் நம்பிக்கை இழக்கக் காரணமில்லை. 2022 ஜூனில், யுவால்டிக் கொடுமைக்குப் பின், இரு கட்சியினரும் கூடிச் சட்டமொன்று செய்தனர். ஏறத்தாழ முப்பதாண்டுகளில் அத்துறையில் வந்த குறிப்பிடத்தக்க முதற் சட்டம் அது. 2021இல் 48,830 ஆக இருந்த சாவு, 2023இல் 46,728 ஆயிற்று. குறைந்தது கொலைதான், தற்கொலை குறையவில்லை. பாதி வேலைகூட முடியவில்லை என்பதற்கு அக்கணக்கே சான்று. ஆனால், குறையாது என்று சாதித்தோர் முன்னே குறைந்து காட்டியதும் அக்கணக்கே.

நமக்கு என்ன?

நம் நாட்டிலே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிறது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். 2019இல் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கியின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. அமெரிக்கருக்குக் கிட்டாத பேறு இது. கடையிலே காய்கறி வாங்குவது போலத் துப்பாக்கி வாங்கும் நிலை இங்கே இல்லை. இந்த வேலியைத் தளர்த்த எவர் வந்தாலும், எந்தப் பெயரால் வந்தாலும், மறுப்பது நம் கடமை.

அதோடு நின்றுவிடவும் கூடாது. வேலி மட்டும் போதாது. எண்ணும் அறிவும் வேண்டும். நமது சிற்றூர்களிலே பூச்சிமருந்து எடுக்கும் உயிர்கள் எத்தனை? நமது சாலைகளிலே தலைக்கவசமின்றி மடியும் வாலிபர் எத்தனை? அவற்றையும் "விதி" என்றே பேசுகிறோம் அல்லவா? அமெரிக்கன் துப்பாக்கியைக் கண்டு கண்ணை மூடிக்கொள்கிறான் என்று நகைக்கும் முன்னர், நாம் எதைக் கண்டு கண்ணை மூடிக்கொள்கிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

தோழர்கள் செய்யத்தக்கது உண்டு. உங்கள் ஊரிலே ஆண்டுதோறும் அகாலமாக மாண்டவர் எத்தனை பேர், எதனால் மாண்டனர் என்று கணக்கெடுங்கள். ஊராட்சியிலே அந்தக் கணக்கை வையுங்கள். எந்த நஞ்சு எளிதில் கிடைக்கிறது, எந்தத் திருப்பத்திலே வண்டிகள் மோதுகின்றன என்று சுட்டிக்காட்டுங்கள். மனம் உடைந்தவன் அருகிலே சென்று அமருங்கள், ஏசாமல் கேளுங்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மேடையிலே முழங்குவதைப் போலவே இதுவும் பொதுத் தொண்டுதான்.

சாவுகள் அனைத்தையும் எவராலும் தடுக்க முடியாது. தடுக்கக்கூடிய சாவைத் தடுக்காதிருப்பதோ மன்னிக்க முடியாதது. ஜான் ஸ்நோ அன்று எல்லாம் தெரிந்தவராக இல்லை. ஆனால் எண்ணினார், சொன்னார், குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. அமெரிக்க மக்களின் முன்னே இன்று இருப்பதும் அத்தகைய கைப்பிடிதான். கழற்றும் நாளை அவர்கள் விரைவிற் காணட்டும். நம் ஊரிலே உள்ள கைப்பிடிகள் எவை என்று தேடும் பணியை நாம் இன்றே தொடங்குவோம்.